உணவுக் குழாயினுட் சென்ற ஒளி

கலிலியோ தொலைகாட்டியினூடாக வியாழக் கோளின் துணைக்கோள்கள் நான்கினைக் கண்டது 1610ஆம் ஆண்டிலாகும். உயிரோடிருக்கும் மனிதனின் உடற்குழிவுகளுக்குள் ஒளியைச் செலுத்தி நோக்குதற்கெனக் கருவியொன்று செய்து அறிஞர்முன் வைக்கப்பெற்றதோ 1806ஆம் ஆண்டிலே. பலகோடி மைல்களுக்கு அப்பாலுள்ளதைக் கண்டுவிட்ட மனிதன், தன் தொண்டைக்குக் கீழே ஒரு சாண் தூரத்திலுள்ளதைக் காண முயலுதற்கு மேலும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. வானத்துப் பொருள்கள் ஒளியோடு நம்மை நோக்கி வருகின்றன. உடலின் உள்ளிடமோ இருளே உருவானது. அங்கு ஒளியைக் கொண்டுசெல்லல் வேண்டும். கண்ட காட்சியை மீட்டும் வெளிக்கொணர்தல் வேண்டும். இவையிரண்டும் கைகூடியபின்னரும் மூன்றாவது தடையொன்று எஞ்சி நின்றது. கண்முன் நிற்பது யாதென அறிதலே அது. உணவுக் குழாயின் நோய்களைக் கண்டறிய முயன்றோர் வரலாற்றை ஆராயுமிடத்து, முதலிரண்டு தடைகளைக் காட்டிலும் இம்மூன்றாவதே கடத்தற்கரியதாயிருந்தது என்பது புலனாகும். யான் மருத்துவனல்லேன், வரலாறு கற்பிப்பவன். ஆதலின் நோயின் நுட்பங்களை விடுத்து, கண்டவர்களையும் அவர் கண்ட முறைகளையுமே ஈண்டு பெரிதும் எடுத்துரைப்பேன்.

உணவுக் குழாய் வளர்ந்தோரிடத்து ஏறத்தாழ 25 சதமமீற்றர் நீளமுடையது. அது விரிந்து கொடுக்கும் இயல்பினது. அவ்வியல்பே ஒரு தீங்குக்கும் இடமாயிற்று. அதன் உட்சுவரிற் புற்றுநோய் முளைத்துப் பரவும்போது நோயாளி நெடுங்காலம் யாதொன்றும் உணர்வதில்லை. குழாயின் பெரும்பகுதி அடைபட்ட பின்னரே சோறு இறங்கவில்லை என்பர். பின்னர்க் கஞ்சி இறங்கவில்லை என்பர். ஈற்றில் நீரும் இறங்காது. நோயாளி மருத்துவரை நாடும் நாளில் நோய் பெரும்பாலும் சுவரைக் கடந்துவிட்டிருக்கும். இந்நோய் இலங்கையருக்குப் புதியதன்று. 1970ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் காணப்பட்ட உணவுக் குழாய்ப் புற்றுநோய்க்கும் வெற்றிலை போடும் வழக்கத்துக்குமுள்ள தொடர்பைப் பற்றிய கட்டுரையொன்று பிரித்தானியப் புற்றுநோய் ஆய்விதழில் வெளிவந்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்குங்கூடப் புற்றுநோய்க்குக் காரணமாமென அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் உறுதியாக வகைப்படுத்தியது. விருந்தினர்முன் வெற்றிலைத் தட்டத்தை வைத்தபின்னரே பேச்சைத் தொடங்கும் நமக்கு இச்செய்தி உவப்பானதன்று. ஆயினும் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

முதற் கருவியைச் செய்தவர் யேர்மனியின் மைன்ஸ் நகரிற் பிறந்து பிராங்க்பேட்டில் மருத்துவத் தொழில் புரிந்த பிலிப் பொட்சினி என்பவர். 'ஒளிகடத்தி' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். பூச்சாடி போன்ற ஒரு கூடு; அதனுள் ஒரு மெழுகுதிரி; அதன் ஒளியை உட்செலுத்த ஓர் ஆடி; நோக்கவேண்டிய உறுப்பிற்கேற்ப மாற்றிப் பொருத்தும் குழாய்கள். இவ்வளவே கருவி. வியன்னா நகரின் படைமருத்துவக் கழகத்தார் அதனைச் சோதித்து நல்லபிப்பிராயம் கூறினர். அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரோ அதனை ஏற்றிலர். இவ்விழுபறியிடையே கருவி வழக்கிற்கு வாராது ஒழிந்தது. பொட்சினி 1809இல், தமது முப்பத்தைந்தாம் வயதில், தைபசுக் காய்ச்சலால் இறந்தார். மெழுகுதிரியின் ஒளி போதாது என்பது உண்மையே. எனினும், போதாத ஒளியைப் பெருக்க முயலாது கருவியையே ஒதுக்கிவிட்ட அறிஞர் அவையை வரலாறு பாராட்டுவதற்கில்லை.

அரை நூற்றாண்டின் பின்னர், 1853இல், பாரிசு நகரத்து டெசோர்மோ என்பவர் அற்ககோலும் தேர்பன்ரைன் எண்ணெயும் கலந்து எரியும் விளக்கொன்றைப் பொருத்தி இம்முயற்சியைப் புதுப்பித்தார். 'எண்டொஸ்கோப்பு' என இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தவரும் அவரே. யாம் அதனை உள்நோக்கி என வழங்குவோம்.

உணவுக் குழாயின் வழியே இரைப்பையைக் காணத் துணிந்தவர் பிறைபேக் நகரப் பேராசிரியர் குஸ்மவுல் ஆவர். ஆண்டு 1868. அவருக்கு வழிகாட்டியவன் மருத்துவனுமல்லன், விஞ்ஞானியுமல்லன். ஊர்தோறும் வாள் விழுங்கிக் காட்டிப் பிழைத்த ஒரு வித்தைக்காரன். தலையைப் பின்னே சாய்த்து வாய், தொண்டை, உணவுக் குழாய் ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டிற் கொணரலாம் என்பது அவனுடைய தொழில் இரகசியம். அவனைக்கொண்டே குஸ்மவுல் 47 சதமமீற்றர் நீளமும் 13 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள உலோகக் குழாயை உட்செலுத்திப் பார்த்தார். குழாய் சென்றது, காட்சி தெளியவில்லை. டெசோர்மோவின் விளக்கு குழாயின் வெளிமுனையில் எரிந்தமையால், உள்முனையை எட்டிய ஒளி மிகச் சொற்பமாயிருந்தது. கற்றோர் நூலகங்களிலே தேடிய ஒன்றை வாள் விழுங்கி ஒருவன் தன் தொண்டையில் வைத்திருந்தான் என்பதை நம் மாணவர்க்கு யான் அடிக்கடி எடுத்துக் கூறுவதுண்டு.

விளக்கை வெளியே வையாது உள்முனையிலேயே வைத்தல் வேண்டும் என்ற எண்ணத்தை 1881இல் உணவுக் குழாய்க்கெனச் செயற்படுத்தியவர் வியன்னாவில் பில்றோத்தின் மாணவராயிருந்த மிக்குலிச். கருவி வல்லுநரான லைற்றர் அவருக்குத் துணைநின்றார். மின்னோட்டத்தால் வெண்சூடேறிய பிளாற்றினக் கம்பியே விளக்கு. அது உடலைச் சுட்டுவிடாதபடி அதனைச் சூழ நீரை ஓடவிட்டனர். நோயாளி பட்ட துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. எடிசனின் மின்குமிழ் சிறுத்துக் கருவிக்குள் அடங்கும் அளவினதானதும் நீர்க்குழாய்கள் மறைந்தன.

இந்த நேர்க்குழாய்க் காலத்தின் தலைசிறந்த கைவல்லவர் அமெரிக்கரான செவலியர் ஜாக்சன் (1865–1958). பிற்ஸ்பேர்க்கிலும் பின்னர்ப் பிலடெல்பியாவிலும் பணிபுரிந்த அவர், மூச்சுவழியிலும் உணவுவழியிலும் சிக்கிய ஊசிகள், நாணயங்கள், பொத்தான்கள், எலும்புத்துண்டுகள் முதலியவற்றை வெட்டாமலே வெளியே எடுத்தார். அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை பிலடெல்பியாவின் மூற்றர் அரும்பொருளகத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளன. ஆயின் யான் அவரை மதிப்பது வேறொரு காரணத்தால். அக்காலத்து அமெரிக்க வீடுகளிலே துப்புரவுக்கெனப் பயன்பட்ட எரிசோடாவைச் சிறுவர் சீனியென எண்ணி விழுங்கினர். உணவுக் குழாய் வெந்து, ஆறுங்கால் தழும்பேறிச் சுருங்கிற்று. பிள்ளைகள் பட்டினியால் மெலிந்தனர். ஒரு வாரமாக ஒரு துளி நீரும் விழுங்க மாட்டாதிருந்த சிறுமியொருத்தியைப் பற்றி ஜாக்சன் தமது தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அடைப்பை உள்நோக்கியின் வழியே அவர் நீக்கியதும், தாதி நீரை நீட்டினாள். அஃது உடனே திரும்பிவிடும் என்ற அச்சத்தோடு அச்சிறுமி ஒரு மிடறு பருகினாள், இறங்கிற்று. மற்றுமொரு மிடறு, அதுவும் இறங்கிற்று. அவள் குவளையை மெல்ல விலக்கிவிட்டு மருத்துவரின் கையைப் பற்றி முத்தமிட்டாளாம். ஜாக்சன் அத்துடன் அமையவில்லை. எரிசோடாப் பொதிகளில் நஞ்சென எச்சரிக்கை பொறிக்கப்படல் வேண்டுமெனப் பல்லாண்டுகள் சட்டமன்றங்களின் படியேறினார். 1927இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறிற்று. உள்நோக்கியாற் கண்டதை நாட்டின் சட்டமாக்கிய மருத்துவர் மிகச் சிலரே.

நேர்க்குழாயின் குறை யாவரும் அறிந்ததே. மனிதவுடல் நேர்க்கோட்டால் ஆனதன்று. மியூனிச்சு நகரத்து ருடோல்ப் சிண்ட்லர், கருவி வல்லுநர் வோல்ப்புடன் சேர்ந்து 1932இல் பல வில்லைகளை அடுக்கி ஓரளவு வளையும் கருவியொன்றைச் செய்தார். அதே நகரில் 1930இல் கைன்றிக் லாம் என்னும் மருத்துவ மாணவன் மெல்லிய கண்ணாடியிழைகளைக் கட்டாகச் சேர்த்து, விளக்கின் இழையுருவத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செலுத்திக் காட்டியிருந்தான். உருவம் மங்கலாகவே வந்தது. அம்மங்கலை நீக்குதற்கு அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நாற்சியர் ஆட்சியில் யூத வழித்தோன்றல்களான சிண்ட்லர், லாம் ஆகிய இருவரும் நாட்டைவிட்டு அமெரிக்கா செல்ல நேர்ந்தது. ஓர் அரசு தன் மக்களிற் சிலரைப் பிறப்புக் காரணமாகத் துரத்துமிடத்து, அவர்களோடு எவையெல்லாம் எல்லை கடந்து போய்விடுகின்றன என்பதற்கு மருத்துவ வரலாற்றிலும் சான்றுண்டு.

கண்ணாடியிழை எண்ணம் இலண்டனில் மறுபிறப்பெய்திற்று. விறைத்த கருவியால் நோயாளர் படும் துன்பத்தை 1951இல் ஒரு விருந்தின்போது மருத்துவரொருவர் ஒளியியல் அறிஞரான ஹரல்ட் ஹொப்கின்சிடம் எடுத்துரைத்தார். ஹொப்கின்சும், பஞ்சாபிலிருந்து சென்று அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த நரிந்தர் சிங் கபானியும், ஆயிரக்கணக்கான இழைகளை ஒழுங்காக அடுக்கி உருவத்தைக் கடத்திய செய்தி 1954 சனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. அதனைப் படித்தவருள் ஒருவர் தென்னாபிரிக்காவிற் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாசில் ஹிர்ஷோவிற்ஸ். ஓரிழையின் ஒளி அடுத்த இழைக்குக் கசிதலே பெருங்குறையாயிருந்தது. ஹிர்ஷோவிற்சுடன் உழைத்த கேட்டிஸ் என்னும் பட்டதாரியாகாத மாணவர், முறிவுச்சுட்டி குறைந்த கண்ணாடிக் குழாயினுள்ளே முறிவுச்சுட்டி கூடிய கண்ணாடிக் கோலை இட்டு, இரண்டையும் ஒன்றாய் உருக்கி நீட்டி, உறையுடைய இழையை 1956 திசம்பரில் ஆக்கினார். ஒளி உட்சுவரிலே முழுவுட்டெறிப்படைந்து தன் வழியே சென்றது, கசிவு நின்றது. 1957 பெப்ரவரியில் ஹிர்ஷோவிற்ஸ் அக்கருவியை முதலில் தாமே விழுங்கினார். பின்னரே நோயாளியிடத்துப் பயன்படுத்தினார். இவ்வொழுங்கு குறிப்பிடத்தக்கது.

இதுகாறும் ஒளி, காட்சி என்ற இரு தடைகளையே பேசினோம். மூன்றாவது தடையின் இயல்பை விளக்க ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்வோம். உணவுக் குழாயின் உட்சுவர் வெளிறிய தட்டைக் கலங்களால் ஆயது. சிலரிடத்து அதன் கீழ்ப்பகுதி, இரைப்பையினதைப் போலச் சிவந்த கம்பக் கலங்களால் மூடப்பட்டிருக்கும். இலண்டன் சென் தோமசு மருத்துவமனையின் சத்திரசிகிச்சையாளர் நோர்மன் பரெற் 1950இல் இதனைக் குறித்து எழுதியபோது, இஃது உணவுக் குழாயே அன்று, மேலே இழுபட்ட இரைப்பையே என்றார். 1953இல் அலிசன், யோன்ஸ்ரன் ஆகிய இருவரும் அப்பகுதி உணவுக் குழாயே என நிறுவினர். பரெற் 1957இல் அதனை ஒப்புக்கொண்டார். இன்று அந்நிலைமை பரெற்றின் பெயராலேயே வழங்குகின்றது. அமிலம் மேலெழுந்து நெடுநாள் தாக்குவதால் உண்டாகும் அம்மாற்றம், ஒருவகைப் புற்றுநோய்க்கு முன்னோடியென்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஒரே சிவந்த நிலத்தை வல்லுநர் பலர் கண்டனர். அஃது எந்த நாட்டைச் சேர்ந்த நிலம் என்பதைத் தீர்மானிக்க ஏழாண்டு சென்றது.

அந்நிலத்தில் எவ்விடத்திற் புற்று முளைக்கின்றது என்பதோ வெறுங்கண்ணுக்குத் தோன்றுவதில்லை. ஆகவே ஒவ்வோர் இரண்டு சதமமீற்றருக்கும் நாற்புறத்தும் இழையத் துணுக்குகளைக் கிள்ளி எடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ்ச் சோதிக்கும் முறை ஏற்பட்டது. மேடு பள்ளம் தெரியாத நிலத்தில் அகழ்வாராய்ச்சியாளர் அளவு வைத்துக் குழி வெட்டுவதை இது ஒத்தது. இரு குழிகளுக்கிடையே புதையுண்டு கிடப்பது அகப்படாமற் போகலாம்.

எங்கே கிள்ளுவது என்பதைக் காட்டவல்லனவாய் எழுந்தனவே புதிய காட்சி முறைகள். அவற்றுள் மூத்தது மிக எளியது. லுகோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1829இல் ஆக்கிய அயடீன் கரைசலை உணவுக் குழாயிற் தெளிப்பர். இயல்பான தட்டைக் கலங்களில் கிளைக்கோசன் உண்டு. அவை அயடீனால் கபில நிறமடையும். புற்றாக மாறும் கலங்களில் அது குன்றிவிடுதலின் அவ்விடம் நிறமேறாது வெளிறி நிற்கும். மாச்சத்தைக் கண்டறிய நம் ஆய்வுகூடத்தில் மாணவர் செய்யும் சோதனையின் உறவினன் இது. சீனாவின் கொனான் மாகாணத்து லின்சியன் என்னும் ஊர்ப்பகுதி இந்நோய் மிகுந்த இடமெனப் பேர்பெற்றது. அங்கு நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வொன்றில், வெறும் ஒளியில் நோக்கியபோது கடுமையான மாற்றங்களிலும் புற்றிலும் நூற்றுக்கு 62 மாத்திரமே கண்ணிற் பட்டன. அயடீன் தெளித்தபின் 96 கண்ணிற் பட்டன. ஆயின் பிழையான ஐயங்களும் பெருகின. நோயற்றதை நோயற்றதென விடுத்த அளவு நூற்றுக்கு 79இலிருந்து 63ஆகக் குறைந்தது. கூர்மையான காவலாளி அயலவனையும் மறிப்பான்.

கெபெய் மாகாணத்துச் சீசியன் பகுதியில் அயடீன் தெளித்து ஒருமுறை நோக்கும் ஏற்பாடு நடந்த ஊர்களின் மக்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். அவருள் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு 3.35, நோக்கப்படாத ஊர்களில் 5.05. 2015இல் வெளியான இம்முடிவு, முன்கூட்டிக் காணுதல் உயிர்காக்கும் என்பதற்குச் சிறந்த சான்றாகும்.

அயடீன் நெஞ்செரிவை உண்டாக்கும், சிலருக்கு ஒவ்வாது. ஆதலின் சாயமின்றி நிறவேறுபாட்டைப் பெறும் வழியை யப்பானியர் நாடினர். இதற்கு முன்னோடியாக உள்நோக்கியிலே ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1983இல் இழைக்கட்டை நீக்கி, கருவியின் நுனியிலேயே ஒளியை மின்குறியாக மாற்றும் சில்லொன்றை வைத்தனர். அதுவரை மருத்துவர் ஒருவரின் ஒற்றைக் கண்ணுக்கே உரியதாயிருந்த காட்சி, அறையிலுள்ள அனைவரும் காணத் திரையில் விழுந்தது. யப்பானின் தேசியப் புற்றுநோய் நிலையத்தாரும் ஒலிம்பசு நிறுவனத்தாரும் வெண்ணொளியை வடித்து, 415, 540 நனோமீற்றர் என்னும் அலைநீளங்களைச் சூழ்ந்த ஒடுங்கிய இரு பட்டைகளை மாத்திரம் உட்செலுத்தினர். இவற்றைக் குருதியின் ஈமோகுளோபின் நன்கு உறிஞ்சும். நீலப்பட்டை ஆழச் செல்லாது மேற்பரப்பிலேயே தங்கிவிடும். ஆகவே சீதமென்சவ்வின் மேற்படையிலுள்ள மயிர்த்துளைக்குழாய்கள் கோடிட்டாற்போலத் தெரியும். புற்று முளைக்குமிடத்தில் அவை தடித்து முறுகி நெருங்குதலால் அவ்விடம் கபில நிறமாய்த் தோன்றும். மெழுகுதிரி தொடங்கி எல்லோரும் ஒளியைப் பெருக்கவே பாடுபட்டனர். இங்கோ ஒளியைக் குறைத்ததாற் காட்சி தெளிந்தது. 2010இல் வெளிவந்த யப்பானிய ஆய்வில் 320 நோயாளர் இரு முறைகளாலும் நோக்கப்பட்டனர். உணவுக் குழாயின் மேற்படைப் புற்றுகளில் வெண்ணொளி நூற்றுக்கு 55ஐயும் ஒடுங்கொளி 97ஐயும் காட்டின. மேற்படையோடு நிற்கும் புற்றை அதே உள்நோக்கியின் வழியே உரித்தெடுத்துவிடலாம். நெஞ்சைத் திறந்து உணவுக் குழாயையே அகற்றும் பெருஞ்சிகிச்சை வேண்டுவதில்லை. 97க்கும் 55க்குமிடையே நிற்பது வெறும் எண்ணன்று என்பது இதனால் விளங்கும்.

இழையத்தைக் கிள்ளாமலே கலங்களை உடலினுள் வைத்து நோக்கும் சீரொளி நுணுக்குக்காட்டியும் வந்துள்ளது. பரெற் நிலைமையில் அதன் பயனைக் காட்டும் கட்டுரையை 2006இல் வெளியிட்ட கீஸ்லிக் குழுவினர் பணிசெய்த நகர் மைன்ஸ், பொட்சினி பிறந்த அதே ஊர். ஆயினும் இத்தகைய கருவி விலைமிக்கது. பயின்ற கண்ணும் அதற்கு வேண்டும். ஆயிரத்தில் ஒருவரிடத்து ஒளிந்திருக்கும் நோய்க்காக ஆயிரவரையும் அதனால் நோக்குதல் எந்நாட்டுக்கும் எளிதன்று.

இவ்விடர்ப்பாட்டுக்குச் சீனர் முன்னரே ஒரு வழி கண்டிருந்தனர். சிறு பலூனை விழுங்கச் செய்து, ஊதி, இழுத்தெடுத்து, அதன் மேலொட்டிய கலங்களைச் சோதிப்பது அம்முறை. கேம்பிரிட்சின் ரெபேக்கா பிற்செரல்ட் அம்மையார் இதனை ஒத்த வேறொன்றை ஆக்கினார். நூலிற் கட்டிய மருந்துக்குளிகை ஒன்றை நோயாளி விழுங்குவர். இரைப்பையில் அது கரைந்து, உள்ளே மடங்கியிருந்த பஞ்சுருண்டை விரியும். நூலைப் பற்றி இழுக்குமிடத்து அது உணவுக் குழாய் நெடுகக் கலங்களைத் துடைத்துக்கொண்டு வரும். இங்கிலாந்தின் 109 குடும்ப மருத்துவ நிலையங்களில் நடந்த இச்சோதனையின் முடிவு 2020இல் வெளிவந்தது. நெஞ்செரிவுக்கு மருந்துண்போரில் இம்முறை வழங்கப்பட்ட 6,834 பேரிடையே 140 பேருக்குப் பரெற் நிலைமை கண்டறியப்பட்டது. வழமையான முறையிலே கவனிக்கப்பட்ட 6,388 பேரிடையே 13 பேருக்கே கண்டறியப்பட்டது. பஞ்சில் ஐயக்குறி தோன்றியோர் மாத்திரம் உள்நோக்கிக்கு அனுப்பப்பட்டனர். விழுங்கிய 1,654 பேரில் ஒருவரிடத்துப் பஞ்சு நூலினின்று அறுந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதனை உள்நோக்கியைச் செலுத்தியே எடுத்தனர்.